கவரிங் கம்மலே சேராத ஆச்சிக்கு, முட்டுக்குள் உலோகம் சேருமா?

போன மாசம் ஆச்சியை எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆச்சிக்கு வயது 68. சுகர் இருக்கிறது. இடது முட்டு ரொம்பவே தேய்ந்துவிட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலு வருஷம் ஆகிறது. எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "இனி மாத்திரையும் தைலமும் கேட்காதும்மா. மூட்டு மாற்று ஆபரேஷன்தான் பண்ணணும்" என்றார்.

ஆச்சி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "டாக்டர், கவரிங் கம்மல் போட்டாலே எனக்கு ரெண்டு நாள்ல காது புண்ணாயிரும். முட்டுக்குள்ள இரும்ப வச்சா ஒத்துக்கிடுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, ஆச்சி சொன்னதை கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். "சொன்னது நல்லதாப் போச்சும்மா. நிறைய பேர் இதைச் சொல்லவே மாட்டாங்க" என்றார்.

வீட்டில் எழும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் போவதுதானே நம் பகுதியின் வேலை? இந்த வாரம் ஆச்சியின் கேள்வி. ஓர் உலோகமோ பிளாஸ்டிக்கோ உடம்புக்குள் போனால் நம் எதிர்ப்பு சக்தி என்ன செய்யும்? அதை ஆபரேஷனுக்கு முன்பே, ஆய்வுக்கூடத்தில் வைத்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

சர்க்கஸுக்குப் போகாத விஞ்ஞானி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிட்னி மாற்றினால் உடம்பு 'நிராகரிக்கும்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு கதை. கிட்னி இன்னொரு மனிதருடையது. அதன் செல்களில் 'நான் வேறு ஆள்' என்று காட்டும் அடையாளங்கள் இருக்கும். உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை. காலில் முள் ஏறினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதே, அந்த வேலையைத்தான் இங்கும் செய்கிறது.

இதை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர் ரஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகாஃப். 1882-ல் இத்தாலியின் சிசிலித் தீவில், மெஸ்ஸினா நகரில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சுகள் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடம்பு கொண்டவை. உள்ளே செல்கள் நகர்வது வெளியே தெரியும். அவருக்கு ஒரு யோசனை. தோட்டத்துக்குப் போய் ரோஜா முள் சிலவற்றைப் பறித்துவந்து அந்தக் குஞ்சுகளின் உடம்பில் செருகினார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன.

எதிர்ப்பு சக்தியைப் பற்றிய அறிவியலின் பெரிய தொடக்கங்களில் அதுவும் ஒன்று. 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு யோசித்தால், உடம்புக்குள் வைக்கும் இம்பிளான்ட் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதற்கான முதல் மாதிரியும் அந்த நட்சத்திர மீன் குஞ்சுதான். ரோஜா முள்தான் அதன் இம்பிளான்ட்.

விழுங்க முடியாததைப் பார்த்தால் என்ன செய்யும்?

மெச்னிகாஃப் பார்த்ததைப் போன்ற விழுங்கும் செல்கள் நம் உடம்பிலும் உண்டு. அவற்றில் முக்கியமானது மேக்ரோபேஜ். பேர் கடினமாக இருந்தால் 'பெருந்தீனி செல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா, செத்த செல், தூசு என எது கிடைத்தாலும் விழுங்கிச் செரிப்பதுதான் இதன் வேலை.

இம்பிளான்ட் உள்ளே போன சில விநாடிகளிலேயே ரத்தத்தில் உள்ள புரதங்கள் அதன் மேல் படிந்துவிடும். ஆக, நம் செல்கள் உலோகத்தை நேரடியாகத் தொடுவதே இல்லை. அதன் மேல் படிந்த புரதத்தைத்தான் தொடுகின்றன. முதல் சில நாள்களில் ஒருவகை வெள்ளை அணுக்கள் வந்து போகும். பின்னாலேயே பெருந்தீனி செல்கள் வரும். இந்த செல் ஒன்றின் அகலம் சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. எதிரே இருப்பதோ உள்ளங்கை அளவு உலோகம். எப்படி விழுங்கும்?

முடியாதபோது இரண்டு விஷயம் நடக்கலாம். பல செல்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே ராட்சத செல்லாக மாறும். கூடவே, 'ஆள் அனுப்புங்க' என்று மற்ற செல்களுக்கு ரசாயனத் தகவல் அனுப்பும். அதைக் கேட்டு வரும் செல்கள் கொலாஜன் என்னும் நாரைப் பின்னி, வந்த பொருளைச் சுற்றி உறை போட்டுவிடும். விழுங்கவும் முடியவில்லை, வெளியே தள்ளவும் முடியவில்லை, அதனால் சுவர் எழுப்பித் தனியாக வைத்துவிடுகிறது உடம்பு.

இந்தச் சுவர் எல்லா நேரமும் கெட்டதல்ல. பேஸ்மேக்கர் பெட்டியைச் சுற்றி மெல்லிய உறை வந்தால் பெரிதாகப் பாதகம் இல்லை. தோலுக்கு அடியில் வைக்கும் சுகர் சென்ஸாரைச் சுற்றி வந்தால் அளவு தப்பாகக் காட்டலாம். முழங்கால் மூட்டிலோ பிரச்னை வேறு மாதிரி. அங்கே தினமும் நடக்கிறோம், உரசுகிறது, தேய்கிறது. தேய்ந்து உதிரும் தூள்தான் அங்கே வில்லன். அது எப்படித் தெரியவந்தது?

300 நோயாளிகளும் ஒரு டாக்டரின் தொடையும்

இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, இன்றைய இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு வழிபோட்டவர். 1950-களின் கடைசியில், இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். ஆமாம், நம் வீட்டு நான்-ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே டெஃப்லான். வழுக்கும், எதோடும் சேராது, உடம்பையும் ஒன்றும் செய்யாது என்று நினைத்தார்கள். சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். ஆரம்பத்தில் எல்லோரும் வலி போய் நடந்தார்கள்.

சில வருஷங்களில் கிண்ணங்கள் தேய ஆரம்பித்தன. உதிர்ந்த தூளைச் சுற்றி வீக்கம், கட்டி, எலும்பு அரிப்பு. ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்து மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது.

இதற்கிடையில் அவருடைய பட்டறையில் இருந்த டெக்னீஷியன் ஹாரி கிரேவன், பாலிஎத்திலீன் என்னும் வேறொரு பிளாஸ்டிக்கைத் தேய்மான மெஷினில் போட்டுப் பார்த்தார். சார்ன்லிக்கு முதலில் அதில் நம்பிக்கையே இல்லை. மெஷின் இரவு பகலாக மூன்று வாரம் ஓடியது. டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட இது தேயவில்லை!

ஆனால் தேயாவிட்டால் மட்டும் போதுமா? உடம்பு என்ன சொல்லும்? சார்ன்லி இந்த முறை தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். டெஃப்லானையும் புதிய பிளாஸ்டிக்கையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஒன்பது மாதம் கழித்து டெஃப்லான் வைத்த இடங்கள் தொட்டாலே கட்டியாகத் தெரிந்தன. வைத்த அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருந்தன. புதிய பிளாஸ்டிக் வைத்த இடத்தைத் தொட்டுக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1963-ல் இதை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். 1962 கடைசியிலிருந்து அவர் பொருத்தத் தொடங்கிய அந்த பாலிஎத்திலீனின் வாரிசுதான் இன்றைக்கும் பெரும்பாலான முழங்கால் இம்பிளான்ட்களில் மேல் உலோகத்துக்கும் கீழ் உலோகத்துக்கும் நடுவே இருக்கிறது.

இந்தக் கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். டாக்டரின் துணிச்சல் சரி. ஆனால் அதற்கு முன்னால் அந்த 300 பேர்? அவர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் உடம்புதான் ஆய்வுக்கூடமாக இருந்திருக்கிறது. நோயாளியின் உடம்பு முதல் சோதனைக்கூடமாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் கண்ணாடித் தட்டில் எதிர்ப்பு சக்தியை உருவாக்கிப் பார்க்கிறார்கள்.

தலைகீழாகத் தொங்கும் செல்கள்

எப்படிச் செய்கிறார்கள்? ரத்த தானம் செய்தவரின் ரத்தத்திலிருந்து ஒருவகை வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். சத்துநீர் ஊற்றிய தட்டில், உடம்புச் சூட்டில், சுமார் ஒரு வாரம் வளர்த்தால் அவை பெருந்தீனி செல்களாக மாறும். பிறகு சோதிக்க வேண்டிய பொருளை அவற்றோடு சேர்த்து வைப்பார்கள். சில மணி நேரம், சில நாள் கழித்து அந்த நீரில் எவ்வளவு 'ஆள் அனுப்புங்க' ரசாயனம் இருக்கிறது என்று அளப்பார்கள். அதிகமாக இருந்தால் செல்கள் கோபமாக இருக்கின்றன என்று அர்த்தம்.

கேட்க எளிதாக இருக்கிறதா? இங்கே ஒரு சின்னச் சிக்கல் வந்தது. பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசானது. அதன் தூளைத் தட்டில் போட்டால் மிதக்கும். செல்களோ தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வாழும். தூள் மேலே, செல்கள் கீழே, இரண்டும் சந்திப்பதே இல்லை. இதைக் கவனிக்காமல் விட்டால், 'பாருங்கள், பிளாஸ்டிக்கால் ஒரு பாதிப்பும் இல்லை' என்று தப்பான முடிவுக்கு வந்துவிடலாம்!

ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. செல்கள் ஒட்டிய பரப்பைத் தலைகீழாகத் திருப்பினார்கள். இப்போது செல்கள் மேலே தொங்கும். மிதந்து வரும் தூள் நேராகப் போய் அவற்றின் மேல் மோதும். இன்னும் சிலர் ஜெல்லியில் தூளைப் பதித்து, அதன் மேல் செல்களை வளர்த்தார்கள்.

அப்படிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தூளின் அளவுதான் முக்கியம். பெரிய துண்டை செல்லால் விழுங்க முடியாது. 0.1 முதல் 1 மைக்ரான் வரையிலான மிக நுண்ணிய தூளைத்தான் ஆசையாக விழுங்குகிறது. ஆனால் செரிக்க முடியாது. செரிக்காததால் ரசாயனத் தகவலை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அது எலும்பைக் கரைக்கும் செல்களைத் தட்டி எழுப்பும். இம்பிளான்ட்டைப் பிடித்திருக்கும் எலும்பு மெல்லக் கரைந்து, பத்து, பதினைந்து வருஷத்தில் மூட்டு ஆட்டம் காணலாம். இந்தப் புரிதல், பிளாஸ்டிக்கின் தேய்மானத்தைக் குறைக்க வேண்டும் என்ற அவசரத்தைக் கூட்டியது. 1990-களின் கடைசியில், கதிர்வீச்சால் உறுதியாக்கப்பட்ட புதுவகை பாலிஎத்திலீன் புழக்கத்துக்கு வந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தூளில் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் செல்கள் கோபப்படும். பழியோ பிளாஸ்டிக் மேல் விழும். அதனால் சோதனைக்கு முன்பு பொருள் சுத்தமாக இருக்கிறதா என்பதையே தனியாகச் சோதிக்க வேண்டும்.

தட்டில் தெரியாதது

தட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? இல்லை. இடுப்பு மூட்டில் பிளாஸ்டிக்கே இல்லாமல், உலோகத்தோடு உலோகம் உரசும்படி சில மாடல்கள் வந்தன. அவற்றிலிருந்து கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து, சிலருக்கு மூட்டைச் சுற்றியுள்ள தசை பாதிக்கப்பட்டது. அவற்றில் டீபுய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர் என்னும் மாடல் 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் அதைப் பொருத்திக்கொண்டவர்கள் இருந்தார்கள். 2018-ல் மத்திய அரசு இழப்பீட்டுக்கு வழிமுறை வகுத்தது. ஆனால் பொருத்திக்கொண்ட பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. (பதறாதீர்கள். வழக்கமான முழங்கால் இம்பிளான்ட்டில் உலோகத்துக்கு நடுவே பிளாஸ்டிக் இருக்கும்.)

தட்டுக்கு ஏன் எல்லாம் தெரிவதில்லை? முதலாவது, காலம். தட்டில் செல்கள் சில நாள், சில வாரம்தான் இருக்கும். ஆச்சியின் மூட்டு பதினைந்து, இருபது வருஷம் உழைக்க வேண்டும். இரண்டாவது, துணை. உடம்பில் ரத்தக் குழாய், எலும்பு, தசை, நரம்பு எல்லாம் சேர்ந்து பேசிக்கொள்கின்றன. தட்டில் பெரும்பாலும் ஒரே வகை செல் தனியாக இருக்கிறது. மூன்றாவது, யாருடைய செல்? உலகம் முழுக்கப் பல ஆய்வுக்கூடங்களில் பயன்படும் டி.ஹெச்.பி-1 என்ற செல்கள், ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்திலிருந்து வளர்க்கப்பட்டவை. 1980-ல் அதுபற்றிய ஆய்வு வெளியானது. ஒரு வயதுக் குழந்தையின் புற்றுநோய் செல் ஒரு பக்கம். 68 வயது, சுகர் உள்ள ஆச்சி இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எப்படிச் சொல்வது?

இந்த இடைவெளியை அடைக்கத்தான் இப்போது 'சிப்' வந்திருக்கிறது. 2010-ல் ஹார்வர்டில் டொனால்ட் இங்பர் குழு, பென் டிரைவ் அளவிலான ஒளி ஊடுருவும் துண்டுக்குள் நுரையீரலின் சிறு பகுதியைப் போல மூச்சு வாங்கும் அமைப்பை உருவாக்கிக் காட்டியது. அதே வழியில், நுண்குழாய்களுக்குள் சத்துநீரை ஓடவிட்டு, பெருந்தீனி செல், நார் பின்னும் செல், ரத்தக்குழாய் செல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் இம்பிளான்ட் பொருளை வைத்துப் பார்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. வயதானவர், சுகர் உள்ளவர் ஆகியோரின் செல்களையே எடுத்து வைக்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் விலங்கு சோதனை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. உடம்பில் வைக்கும் கருவிகளுக்கு ஐ.எஸ்.ஓ 10993 என்ற சர்வதேசத் தரவரிசை உண்டு. அதில் செல் சோதனையும் இருக்கிறது, விலங்கின் உடம்பில் வைத்துப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஸ்ரீசித்ரா திருநாள் மருத்துவ நிறுவனத்தின் பூஜப்புரை வளாகத்தில் இப்படிப்பட்ட சோதனைகள் நடக்கின்றன. தட்டிலேயே தோற்றுப்போகும் பொருள் விலங்குவரை போக வேண்டியதில்லை. விலங்கில் தோற்றது மனிதரிடம் வரக் கூடாது.

சரி, ஆச்சியின் கம்மல்?

கவரிங் நகையில் காதைப் புண்ணாக்குவது பெரும்பாலும் நிக்கல். முழங்கால் இம்பிளான்ட்டில் பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் கலவையிலும் சிறு அளவில் நிக்கல் இருக்கும். ஆக, ஆச்சியின் கேள்வி சிரிப்பதற்கான கேள்வியே இல்லை.

ஆச்சிக்கு பேட்ச் டெஸ்ட் செய்யச் சொன்னார் டாக்டர். நிக்கல், கோபால்ட், குரோமியம் தடவிய சின்னச் சின்னத் துண்டுகளை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். ஆச்சிக்கு நிக்கல் வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது.

"அப்போ வேண்டாமா?" என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "தோல் வேற, மூட்டு வேற. தோல்ல நிக்கல் சேராதவங்க பலர் சாதாரண இம்பிளான்ட்டோட நல்லாத்தான் நடக்கிறாங்க. இந்த டெஸ்ட்டை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது."

அப்போதுதான் இன்னொரு டெஸ்ட் பற்றித் தெரிந்துகொண்டேன். நோயாளியின் ரத்தத்திலிருந்து லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்களை எடுத்து, தட்டில் உலோகக் கரைசலோடு சேர்த்துச் சுமார் ஒரு வாரம் வைப்பார்கள். அவை மடமடவென்று பெருகினால், அந்த உலோகத்தை ஏற்கெனவே எதிரியாகப் பார்த்து வைத்திருக்கின்றன என்று அர்த்தம். ஆச்சியின் எதிர்ப்பு சக்திக்கென்றே ஒரு குட்டி மாதிரி! ஆனால் இதிலும் 'ஆம்' என்று வந்தவர்கள் எல்லோருக்கும் மூட்டு கெட்டுப்போகும் என்று சொல்ல முடியாது. நிபுணர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எல்லா ஊரிலும் இந்த வசதி கிடைப்பதும் இல்லை.

கடைசியில், நிக்கல் மிகக் குறைவாக உள்ள மேற்பூச்சு கொண்ட மாடலைப் போடலாம் என்று முடிவானது. செலவு கொஞ்சம் கூடும். அதைவிட முக்கியமாக, ஆபரேஷனுக்கு முன் சுகரைக் கட்டுப்பாட்டில் கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டர். சுகர் ஏறியிருந்தால் கிருமித் தொற்று வரும் ஆபத்து கூடும். கம்மல் கவலையில் அதை மறந்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இம்பிளான்ட் வைக்கப் போகிறார்களா? இவற்றை மட்டும் மறக்காதீர்கள்:

* நகை, வாட்ச், பெல்ட் பக்கிள் எதனாலாவது தோல் அலர்ஜி வந்திருந்தால், சின்ன விஷயம் என்று நினைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* வைக்கப்போவது என்ன பொருள், எந்த கம்பெனி, எந்த மாடல் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

* இம்பிளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். அதில் மாடல் எண்ணும் லாட் எண்ணும் இருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். நாளைக்கு ஒரு மாடல் திரும்பப் பெறப்பட்டால், உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க அந்த எண்தான் வழி.

* நன்றாக நடக்கிறோமே என்று செக்கப்பை நிறுத்தாதீர்கள். எலும்பு கரைவது ஆரம்பத்தில் வலிக்காமலும் இருக்கலாம். எக்ஸ்-ரேயில் தெரியும்.

* பிரச்னை வந்தால் டாக்டர் மூலம் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015 முதல் மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. நோயாளிகளும் அதில் புகார் தரலாம்.

ஆச்சிக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். மெச்னிகாஃப் கதையைச் சொன்னேன். நட்சத்திர மீன், ரோஜா முள் எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தக் குஞ்சு பொழச்சுதாட்டி?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தொடையில் பிளாஸ்டிக் வைத்துக்கொண்ட டாக்டரைப் பற்றிச் சொன்னதும், "அவரு நல்ல மனுசன். ஆனா மொதல்லயே வச்சுப் பாத்திருக்கலாம்லா?" என்றார்.

மேலே உள்ள பட்டியலைப் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மடித்து, சுருக்குப் பையில் வைத்திருக்கிறார். ஸ்டிக்கர் கேட்கும் பொறுப்பு மட்டும் என்னுடையது.